கூடாதுக்காரி

லிஃப்ட் கதவு மூட வரும்போது அவள் செருப்பு முனையை நீட்டுகிறாள். கதவு அதில் இலேசாக முட்டிவிட்டுத் திரும்பிப் போகிறது. மறுபடி வருகிறது. இந்த முறை விட்டுவிடுகிறாள். உள்ளே எங்களோடு ஏழு பேர், எல்லோருக்கும் மேலே அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. ஒருவர் தொண்டையைக் கனைக்கிறார். "ஒண்ணுமில்ல சார், திரும்புதான்னு பாத்தேன்" என்கிறாள். நேற்றும் திரும்பியது, முந்தாநாளும் திரும்பியது. கேட்டால், "நேத்து திரும்பினது நேத்து" என்பாள். அதனால் இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை.

இவள் என் நாத்தனார். வயது முப்பத்தைந்து. குள்ளம், நடை மட்டும் வேகம். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். லிஃப்டுகளை இயக்கும் மென்பொருள் எழுதுகிற ஒரு சின்ன நிறுவனத்தில் நான் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் இவளை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்களை யாராவது கணக்கெடுத்தால் என்னிடம் முதலில் வரலாம்.

எங்கள் தொழிலில் இரண்டு கட்சி உண்டு. எழுதிய நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனியே உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, சரியாகப் பதில் சொன்னால் பச்சை விளக்குக் காட்டி வெளியே அனுப்புவது ஒரு கட்சி. இதற்கு யூனிட் டெஸ்ட் என்று பெயர். நான் அந்தக் கட்சியின் ஆயுள் உறுப்பினர். இன்னொரு கட்சி, கேள்வியெல்லாம் கேட்டது போதும், அது வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார் என்கிறது. ஓடுகிற நிரலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு குட்டி நிரலைக் காவலுக்கு வைப்பார்கள். விதி மீறப்பட்ட நொடியில் அது கத்தும். தேவைப்பட்டால் எல்லாவற்றையும் நிறுத்தும். இந்தக் கட்சிக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு ஆள்தான். அவள் எங்கள் வீட்டில் இருக்கிறாள்.

வீட்டிலும் அதே கதைதான். பால் வைத்தால் பொங்கி அடங்கும்வரை அடுப்படியில் கண்கொத்திப் பாம்பாக நிற்பாள். நான் அப்படியில்லை. பாலின் அளவு, பாத்திரத்தின் ஆழம், தீயின் உயரம் மூன்றையும் சரிபார்த்து, ஐந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு உள்ளே போவேன். அலாரம் நொடி பிசகாமல் அடிக்கும். அடுப்பெல்லாம் பால் வழிந்திருக்கும். "மூணுமே சரியாதான் இருந்திருக்கும் அண்ணி" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே துடைக்கத் துணி கொண்டு வருவாள். அந்த ஆறுதலுக்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கல்யாணமான புதிதில் நானும் கணவரும் வெளியூர் கிளம்பினோம். என்னென்ன எடுத்துப்போவது என்று நாற்பத்தேழு பொருள்களுக்குப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, டிக் அடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். டார்ச் விளக்கை எரியவிட்டுக்கூடப் பார்த்தேன். ரயில் நிலையத்தில் இறங்கிய பிறகுதான் பெட்டியே வரவில்லை என்று தெரிந்தது. பத்து நிமிடத்தில் பெட்டி வந்தது, இன்னொரு வண்டியில், இவள் மடியில்.

"நீங்க கிளம்பும்போது உங்க கையைத்தான் பாத்துட்டிருந்தேன் அண்ணி. வெறுங்கையா போனீங்க."

"அப்பவே சொல்லக்கூடாதா?"

"வண்டி நகர்ற வரைக்கும் அது தப்பு இல்லையே. கடைசி நிமிஷத்துல எடுத்துப்பீங்கன்னு நினைச்சேன்."

எங்கள் இரண்டு கட்சிகளைப் பற்றி இதற்குமேல் ஒரு விளக்கம் எனக்குத் தெரியாது. ஒருத்தி பெட்டிக்குள் இருப்பதை எல்லாம் சோதிப்பாள். மற்றவள் பெட்டி போகாததைப் பார்த்துவிட்டு, வண்டி நகரட்டும் என்று காத்திருப்பாள். இடையில் நின்றது என் கணவர். அவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார், எங்கள் பேச்சில் தலையிடுவதில்லை.

அலுவலகத்தில் அவளுக்குக் 'கூடாது' என்று பெயர். "கூடாது வந்தாச்சா?" என்று மேலாளரே கேட்பார். காரணம் அவளுடைய நோட்டுப் புத்தகம். காவல் நிரல் எதைப் பார்க்க வேண்டும் என்பதை முதலில் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கணினிக்குப் போவாள். இடது பக்கத்தின் தலைப்பு 'கூடாது'. வலது பக்கத்தின் தலைப்பு 'ஆகணும்'. கதவு திறந்திருக்கும்போது லிஃப்ட் நகரக் கூடாது. எடை மிஞ்சினால் கிளம்பக் கூடாது. இப்படி நல்ல பிள்ளையாக ஆரம்பிக்கும் இடது பக்கம், போகப் போக வீட்டுக்குள் நுழைந்துவிடும். அடுப்பு எரியும்போது யாரும் வீட்டைப் பூட்டக் கூடாது. அண்ணி பேசும்போது அண்ணன் போனைப் பாக்கக் கூடாது. இந்தக் கடைசி விதிக்குப் பக்கத்தில், மீறப்பட்ட ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போட்டிருப்பாள். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், அந்த மாதம் மட்டும் அறுபத்திரண்டு.

வலது பக்கம் எப்போதும் காலியாகவே இருக்கும். பொத்தானை அழுத்தினால் லிஃப்ட் வந்தாகணும் என்பதைப் போல ஒன்றிரண்டு வரிதான். ஏன் என்று கேட்டேன்.

"கூடாதுன்னு எழுதினா, மீறினதும் பிடிச்சிடலாம் அண்ணி. ஆகணும்னு எழுதினா எப்படிப் பிடிக்கிறது? இன்னைக்கு ஆகலன்னா நாளைக்கு ஆகலாம்ல. எந்த நாள்லயும் அதைத் தப்புன்னு சொல்ல முடியாது. இன்னும் ஆகல, அவ்வளவுதான்."

சரிதான் என்று தலையாட்டிவிட்டு, அந்தப் பக்கத்தின் அடியில் இருந்த வரியைப் பார்த்தேன். 'அப்பா கீழ இறங்கணும்.' தேதி எட்டு மாதத்துக்கு முந்தையது. நோட்டை மூடி அவள் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதுபோலப் போய்விட்டேன்.

என் மாமனார் தபால்காரராக இருந்தவர். முப்பத்து நான்கு வருடம் நடந்தே வேலை பார்த்தார். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து சக்கர நாற்காலி. நாங்கள் குடியிருப்பது ஐந்தாவது மாடி. எட்டு மாதத்துக்கு முன்னால் கட்டடத்தின் பழைய லிஃப்ட் நின்றுபோனது, அன்றிலிருந்து அவர் கீழே இறங்கவில்லை. ஆள் வைத்துத் தூக்கி இறக்குகிறோம் என்றோம். "முப்பத்திநாலு வருஷம் பார்சல் தூக்கியிருக்கேன். பார்சலா போக மாட்டேன்" என்றார். தினமும் பால்கனியில் உட்கார்ந்து, கீழே வரும் தபால்காரர் எத்தனை நிமிடம் தாமதம் என்று சொல்வார். தெருமுனைவரை தானே போய்விட்டு வர வேண்டும், அவர் கேட்டது அவ்வளவே.

புது லிஃப்டுக்கான மென்பொருள் எங்கள் நிறுவனத்துக்கே வந்தது. எங்களுடைய புதிய கட்டுப்பாட்டுப் பலகை ஓட்டும் லிஃப்டில் முதலில் ஏற வேறு எந்தக் கட்டடத்துக்காரரும் சம்மதிக்கவில்லை என்பதுதான் உண்மையான காரணம். லிஃப்டுக்கு அனுமதி தரும் அரசு ஆய்வாளர் வரும் தேதி குறித்தாகிவிட்டது. அந்தத் தேதியைத் தவறவிட்டால் அவர் மறுபடி வர நான்கு மாதம் ஆகும். கையில் இருந்தது மூன்று வாரம். எல்லா யூனிட் டெஸ்டையும் எழுதி முடிப்பதா, காவல் நிரலைச் சேர்ப்பதா, இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றார் மேலாளர்.

கூட்டத்தில் நான் பேசினேன். இருபது நிமிடம் பேசினேன் என்று பிறகு சொன்னார்கள். பச்சை விளக்குகள் வரிசையாக எரியும் படத்தைத் திரையில் போட்டு, குற்றம் நடந்த பிறகு கத்துகிற காவல்காரனைவிட, குற்றமே செய்யாத பிள்ளையை வளர்ப்பது மேல் என்று முடித்தேன். எனக்கே கைதட்டத் தோன்றியது. அவள் முறை வந்தபோது எழுந்துகூட நிற்கவில்லை. "ஓடட்டும், நான் பாத்துட்டிருக்கேன்னு சொல்றேன். அவ்வளவுதான்" என்றாள். மேலாளர் என் பக்கம் சாய்ந்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது. திரும்பும் வழியில் பெருந்தன்மையாக அவளுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். அவளும் குடித்தாள்.

பத்து நாளில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு டெஸ்டுகள். எல்லாம் பச்சை. பதினோராம் நாள் எங்கள் கட்டடத்தில் வெள்ளோட்டம். சக்கர நாற்காலியில் எடைக்கு வைக்க வேண்டிய மணல் மூட்டைகள் வந்துசேரவில்லை. மாமாவின் எடைக்குச் சரியாக இருப்பேன் என்று நானே உட்கார்ந்தேன். சற்றுக் கூடுதலாகவே ஈடுகொடுத்தேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் வெளியே, ஐந்தாவது மாடித் தரையில் சம்மணம் போட்டு, மடிக்கணினியிலிருந்து ஒரு ஒயரைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் விட்டிருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. வெற்றி பெற்றவர்கள் சில்லறை விஷயங்களைக் கேட்பதில்லை.

கதவு மூடியது. ஒரு சாண் கீழே போயிருப்பேன், தூக்கிவாரிப்போட்டது. லிஃப்ட் நின்றுவிட்டது. கதவு கால்வாசி திறந்திருக்க, இடுக்கில் என் கைப்பையின் வார் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே அவளுடைய கணினி கீச்சென்று கத்தியது.

"அண்ணி, பயப்படாதீங்க. கதவுப் பூட்டுல இரும்பு விசை ஒண்ணு இருக்கு, அது கரண்ட்டை வெட்டிடுச்சு. இனிமே மெக்கானிக் வர்ற வரைக்கும் நகராது."

"எவ்வளவு நேரமாகும்?"

"கூப்பிட்டிருக்கேன். ஒருமணி நேரம்னு சொல்றார். பிஸ்கட் வேணுமா?"

வீட்டுக்குள்ளிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "யாரு மாட்டிக்கிட்டா?"

"அண்ணிதான்ப்பா."

"நல்லவேளை. நான்னு நினைச்சேன்."

இடுக்கு வழியாக அவள் ஒவ்வொன்றாகப் பிஸ்கட் தள்ள, நான் மாமனாரின் நாற்காலியில் உட்கார்ந்து தின்றேன். முட்டி போட்டிருந்த அவள் முகம் என் முகத்துக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில் இருந்தது. கேட்டுத்தான் ஆக வேண்டும், கேட்டேன்.

"எனக்குத் தெரியாம காவலை வச்சிட்டியா?"

"நிறுத்தறதுக்கு வைக்கல அண்ணி. சும்மா பாத்து எழுதறதுக்கு மட்டும். கையே வைக்கல."

"என்ன எழுதியிருக்கு?"

திரையைத் திருப்பி இடுக்கில் காட்டினாள். பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடம் ஏழாவது நொடி. கதவு, மூடிவிட்டேன் என்றது. நகரும் உத்தரவு போனது. அதற்குள் கதவுக்கு என் பையின் வார் தட்டுப்பட, திறந்துகொண்டு பின்வாங்கியது. என் நிரல் அதைப் பார்க்கவே இல்லை. ஒருமுறைதான் கேட்டது. ஒரு பதில் வந்துவிட்டால் போதும் என்று கிளம்பிவிட்டது.

டெஸ்ட் எழுதுவதற்கு நிஜக் கதவு தேவையில்லை. கதவைப் போல நடிக்கும் ஒரு போலிக் கதவை எழுதிக்கொண்டால் போதும். நான் எழுதிய போலிக் கதவு மூடச் சொன்னால் மூடும், திறக்கச் சொன்னால் திறக்கும், ஒருமுறை சொன்ன சொல்லை மாற்றாது. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு தடவையும் என்னிடம் அது அப்படித்தான் நடந்துகொண்டது. அதைத்தான் நான் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினேன்.

"உங்க கதவு ரொம்பத் தங்கமான கதவு அண்ணி" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. "இது அந்த மாதிரி வளர்ந்த கதவு இல்ல."

அந்த நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தால் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. அவளுக்கு அது எப்போதோ வந்திருக்கும். அவள் அதைச் சொல்லவில்லை, இன்னொரு பிஸ்கட்டைத் தள்ளினாள்.

மறுநாள் கூட்டத்தில் என் முகத்தில் ஈயாடவில்லை. மேலாளர், "அப்ப ரெண்டையும் பண்ணிடுங்க" என்றார். போன கூட்டத்தில் ஒன்றுக்குத்தான் நேரம் இருந்தது. மேலாளர்கள் நேரத்தை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடாத விஷயம்.

காவலை நிஜமாகவே காவலுக்கு வைத்த அன்று, மூட்டைகளோடு ஓட்டிப் பார்த்தோம். லிஃப்ட் நின்றது. மறுபடி ஓட்டினோம், மறுபடி நின்றது. பிடிவாதமாக நின்றது. காலையிலிருந்து பதினான்கு முறை, ஒவ்வொரு முறையும் மூட்டையை உள்ளே தள்ளிய கையோடு காவல் கத்தியது: கதவு திறந்திருக்கும்போது நகர்ந்தது, கூடாது. நானும் பார்த்தேன், எதுவும் நகரவில்லை. ஆய்வாளர் வர நான்கு நாள்தான் பாக்கி. அவள் படிக்கட்டில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டாள். நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. எப்போதும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பவளுக்கு, ஓடவே ஓடாத ஒன்றை எப்படிப் பார்ப்பதென்று தெரியவில்லை.

"அண்ணி, என்னோட கூடாதுக்கு ஒரு டெஸ்ட் எழுதித் தர்றீங்களா?" என்றாள். "தனியா பிரிச்சு, உங்க மாதிரி."

இந்த வார்த்தைக்காக நான் நான்கு வருடம் காத்திருந்தேன் என்று சொன்னால் அல்பத்தனம். காத்திருந்தேன். ஆனால் அன்று அதைக் கேட்டதும் மகிழ்ச்சி வரவில்லை. அவள் குரல் அப்படி இருந்தது.

காவல் நிரலைத் தனியே உட்காரவைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். கதவு திறந்திருக்கிறது, லிஃப்ட் அரை விரற்கடை நகர்ந்தால்? கூடாது. எறும்பு நீளம் நகர்ந்தால்? கூடாது. மயிரிழை நகர்ந்தால்? கூடாது. பதினாறாவது கேள்வியில் எனக்குப் பொறி தட்டியது. மெக்கானிக்குக்குப் போன் போட்டுக் கேட்டோம். அவர் சிரித்தார். "எடை ஏறினா கயிறு கொஞ்சம் இழுபடும்மா, லிஃப்ட் துளி இறங்கும். உடனே அதுவே மேல ஏறித் தரைமட்டத்துக்கு வந்துக்கும், கதவு திறந்திருக்கும்போதே. இல்லன்னா நாற்காலிச் சக்கரம் தடுக்கும்ல. எல்லா லிஃப்டும் செய்யும்."

மாமாவின் சக்கரம் தடுக்காமல் இருப்பதற்காக லிஃப்ட் செய்த உபகாரத்தைத்தான் அவளுடைய காவல் பதினான்கு முறை குற்றமாகப் பிடித்திருக்கிறது. அவள் நோட்டைத் திறந்து, நான்கு வருடமாக இடது பக்கத்தின் முதல் வரியாக இருந்ததை அடித்தாள். 'கதவு திறந்திருக்கும்போது லிஃப்ட் ஒரு விரற்கடைக்கு மேல் நகரக் கூடாது' என்று மாற்றி எழுதினாள். பிறகு என்னைப் பார்த்து, "நான் எழுதின கூடாதே கூடாது அண்ணி" என்றாள். இரண்டு பேரும் அசடு வழியச் சிரித்தோம். என் போலிக் கதவையும் அன்றே திருத்தினேன். இப்போது அது நாலு தடவைக்கு ஒரு தடவை பேச்சு மாறுகிறது.

ஆய்வாளர் வந்தார், பார்த்தார், கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை மாமனார் சலவைச் சட்டை போட்டு, கைக்கடிகாரம் கட்டி, எட்டரைக்கே வாசலில் தயாராக இருந்தார். நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு நான் ஏறினேன். அவள் ஏறவில்லை.

"வாடி" என்றேன்.

"நீங்க போங்க. ஓடட்டும், நான் பாத்துட்டிருக்கேன்."

வழக்கம்போலச் செருப்பு முனையை நீட்டினாள். கதவு முட்டித் திரும்பியது. இரண்டாம் முறை விட்டாள். லிஃப்ட் இறங்கியது. கதவில் ஒரு நீளமான கண்ணாடிப் பட்டை உண்டு. நான்காவது மாடியைக் கடக்கும்போது அந்தப் பட்டையில் அவள் முகம் தெரிந்தது, மூச்சு வாங்க. மூன்றாவது மாடியிலும் தெரிந்தது, கொண்டை பாதி அவிழ்ந்து. இரண்டாவது மாடியில் செருப்பு ஒரு கையில். படிக்கட்டில் எங்களோடு போட்டி போட்டு ஓடிக்கொண்டிருந்தாள். முதல் மாடியில் முகம் தெரியவில்லை, காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. "அவளுக்கு லிஃப்ட்ல இடம் இருந்துச்சே" என்றார் மாமனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணாந்து மாடி எண்களைப் பார்ப்பதுபோல நின்றேன்.

கீழே கதவு திறந்தபோது அவள் எதிரே நின்றாள், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு. திறந்த உடனே வெறுங்காலைக் கதவு ஓடும் பள்ளத்தின் குறுக்கே வைத்தாள். நான் நாற்காலியின் பிடியில் கை வைத்தேன்.

"விடும்மா. நானே போறேன்" என்றார் மாமனார்.

தானே சக்கரத்தைத் தள்ளி, அவள் காலை உரசாமல் வெளியே வந்தார். வராந்தாவைக் கடந்து, சரிவில் இறங்கி, வாசலில் ஒரு கணம் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தெருவில் இடது பக்கம் திரும்பி, தெருமுனையை நோக்கிப் போனார். நான் அவளைத் தாண்டி வெளியே வந்து, "இறங்கிட்டார், எழுதிக்கோ" என்றேன். அவள் கை தன்னால் கொண்டைக்குப் போய்ப் பென்சிலைத் தேடியது. அது படிக்கட்டில் எங்கோ விழுந்திருந்தது. கை அங்கேயே நின்றுவிட்டது. அவளுக்குப் பின்னால் லிஃப்ட் கதவு மூட வந்து, அவள் காலில் முட்டி, திரும்பிப் போனது. மறுபடி வந்து முட்டியது. மறுபடியும். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை, தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.